மடி தெரியாத கண்

உலக மக்களே, உவகை கொள்ளுங்கள்! பிடிக்காதவர் முகத்தில் விழிக்கும் கொடுமை இன்றோடு ஒழிந்தது. எங்கள் கம்பெனியின் மிளகளவு வில்லையைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு பெயரைச் சொன்னால் போதும், அந்த ஆசாமி உங்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடுவார்!

இந்த விளம்பரத்தைக் கேட்டதுமே வில்லை வாங்கிய சிங்காரவேலு, முதல் வேலையாக மனைவியின் அண்ணன் தனக்கோடியை மறைத்தார். விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்காமல் நல்லி எலும்பைத் தன் இலையில் போட்டுக்கொண்டவன் முகத்தை எவன் பார்ப்பான்?

மகனுக்குக் காது குத்தும் நாள் வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? தனக்கோடி கோயிலுக்கு வந்து மணையில் சம்மணமிட்டார். அவரும் ரோஷக்காரர், வாயைத் திறக்கவில்லை. சிங்காரவேலுவுக்கு மணை காலியாகத் தெரிந்தது.

"பாத்தியாடி கோமளா? நல்ல நேரம் போகுது, உங்கண்ணன் வரல. சபையில மானத்தை வாங்கிட்டான். நானே உக்காந்துக்கிறேன்."

"ஐயோ, அங்க..."

அவள் முடிப்பதற்குள் பிள்ளையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பலகை மெத்தென்று இருந்தது. அடியிலிருந்து குரல் வந்தது.

"மாப்ள, எந்திரிங்க. காலு மரத்துப்போகுது."

கூட்டம் சிரித்தது. ஊசியோடு நின்ற ஆசாரி குழம்பிப்போனார்.

"மடியில ரெண்டு பேரு இருக்காங்களே தாயி, யாருக்குக் காது குத்தணும்?"

"சின்னவனுக்குக் குத்துங்க" என்றாள் கோமளா. "பெரியவருக்குக் கம்பெனிக்காரன் ஏற்கெனவே குத்திட்டான்."