வில்லுக்கு அளவு

வில் பழகும் தன் மகளுக்கென்று, வருஷம் தவறாமல் தச்சர் கந்தவேலிடம் மரவில் செய்யச் சொல்லுவாள் பனியன் கம்பெனி டெய்லர் ரோஸ்மேரி. அளவுக்கு, கந்தவேலின் மகள் ஜெயபாரதியை நிற்க வைத்து இஞ்ச் டேப் பிடிப்பாள்.

"உங்க புள்ளையவே கூட்டியாந்தா கச்சிதமாச் செஞ்சு தருவேனுங்க அம்மணி."

"ரெண்டும் ஒரே வயசு, ஒரே உசரந்தான் அண்ணாச்சி."

நாலாவது வில்லை, பிள்ளை இழுத்துப் பார்க்கட்டுமென்று கந்தவேலே அருள்புரத்தில் இருந்த அவள் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

சுவரில் அவர் செய்த மூன்று வில்லும் நாண் ஏற்றாமலே தொங்கின, ஒன்றைவிட ஒன்று நீளமாக. மேலே, மாலை போட்ட படத்தில் ஏழு வயதுச் சிறுமி.

கந்தவேல் கையிலிருந்த வில்லை அவளிடம் நீட்டினார்.

ரோஸ்மேரி புது வில்லையும் மாட்டினாள்.

"ஜெயபாரதியப் பத்திரமாப் பாத்துக்கோங்க அண்ணாச்சி. அவ வளந்தாத்தான் இவளும் வளருவா."