கேட்டு வாங்கிய சீட்

"தண்டனையை ரத்து பண்ணியாச்சு. சீனியாரிட்டி திரும்பக் கிடைச்சாச்சு. சூப்பிரண்டு பிரமோஷனும் பழைய தேதியிலேருந்தே உண்டுன்னு போட்டாச்சு. அப்புறம் எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க?"

சியாமளா சேமியாவை வறுத்துக்கொண்டே கேட்டாள்.

ஆவுடையப்பன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். "எப்படி எடுத்துக்கணும்னே தெரியல" என்றார்.

"பாயசம் வைக்கட்டுமா, வேண்டாமா? அதையாவது தெளிவா சொல்லுங்க."



யாரோ தொலைத்த ஃபைலுக்கு இவர் தலையில் பதினேழு-பி குற்றச்சாட்டு மெமோ விழுந்தது. இன்கிரிமென்ட் நின்றது. பிரமோஷன் பேனலிலிருந்து பெயரும் போனது. அந்த இடத்தில் சூப்பிரண்டாகப் போய் உட்கார்ந்தவள் இவருக்கு ஜூனியர், எதிர் குவார்ட்டர்ஸ் ஜெபசீலி. அன்றோடு சியாமளா அவளுடன் பேச்சை நிறுத்திவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வந்த கேக்கைத் தட்டோடு திருப்பி அனுப்பினாள். நாலு வருஷமாக அப்படித்தான்.

"இப்ப அவ கதி என்ன?"

"வேற சூப்பிரண்டு இடம் காலி இல்ல. நான் ஏறினா அவளுக்கு ரிவர்ஷன்தான். பழையபடி அசிஸ்டென்ட்."

"நல்லா வேணும். போன வருஷம் ஸ்டாஃப் ஃபைல் பாக்கற எஸ்டாப்ளிஷ்மென்ட் சீட்டை என்னத்துக்குக் கேட்டு வாங்கினாளாம்? உங்க அப்பீல் அங்கதானே கிடந்துச்சு. அமுக்கத்தான் போனான்னு உங்க ஆபீஸே சொல்லிச்சு."

"சொன்னாங்க."

"ஆடிட்காரன் ஒருபக்கம், யூனியன்காரன் ஒருபக்கம் திட்டற சீட்டு. யாராவது ஆசைப்பட்டுக் கேப்பாங்களா?"

காலிங் பெல் அடித்தது.

வாசலில் ஜெபசீலி நின்றாள், கையில் அல்வா பொட்டலத்தோடு. முகத்தில் சிரிப்பு வேறு.

சியாமளாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. பதவி இறங்கப்போகிறவள் அழ வேண்டாமா? இவள் அல்வாவோடு வருகிறாள். கிடைத்தவரோ துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். கதவைச் சாத்தலாம் என்றால், கான்வென்ட்டில் படித்த மரியாதை கையைப் பிடித்தது.

"உள்ள வா" என்றாள். மரியாதை அந்த அளவோடு தீர்ந்தது. "உனக்குத்தான் கஷ்டம், பாவம். மேடம் மேடம்னு எந்திரிச்சவங்க எல்லாம் இனிமே ஜெபசீலி, டீ சொல்லியாச்சான்னு கேப்பாங்க."

"பழகிக்கலாம்க்கா. இருபது வருஷம் அப்படித்தானே கூப்பிட்டாங்க." அவள் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நாற்காலிக்குப் புது டர்க்கி டவல் போடச் சொல்லிட்டேன். குஷனை எடுக்கல. உங்களுக்கு முதுகுவலிலா, இருக்கட்டும்."

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். அல்வாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நல்லது அண்ணாச்சி. பசங்க ட்யூஷன்லேருந்து வந்துருவாங்க, வாரேன்க்கா." போய்விட்டாள்.

சியாமளா கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தாள்.

"கலெக்டர் வந்தாலும் அரைமனசா எந்திரிக்கிற ஆளு நீங்க. இவளுக்கு எதுக்கு எந்திரிச்சு நின்னீங்க? வீட்டுல என்ன நடக்குதுன்னு யாராவது எனக்கும் சொல்லலாம்."

"சியாமளா, ஆபீஸ்ல ஒரு உத்தரவு எங்கேருந்து ஆரம்பிக்கும், தெரியுமா?"

"மேலேருந்து. அதிகாரி கையெழுத்துப் போடுவாரு, கீழ வரும்."

"இல்ல. கீழேருந்துதான் ஆரம்பிக்கும். 'இவர்மேல தப்பில்ல, தண்டனையை ரத்து பண்ணலாம்'னு எஸ்டாப்ளிஷ்மென்ட் சூப்பிரண்டு எழுதி மேல அனுப்பணும். அப்பதான் அதிகாரி பேனாவையே திறப்பாரு. முன்னாடி இருந்த ஒருத்தரும் எழுதல. நமக்கென்ன வம்புன்னு கட்டி வச்சுட்டாங்க. இன்னிக்கு அதிகாரி கூப்பிட்டுச் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அடுப்பில் சேமியா தீயும் வாசனை வந்தது. சியாமளா நகரவில்லை.

"அப்ப எழுதினது..."

"அதுக்குத்தான் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கியிருக்கா."