மச்சம் விழுந்த பக்கம்

“என் பொண்ணோட மச்சம் இடம் மாறிப்போச்சு!” என்று தியோடர் போட்ட சத்தத்தில் ஜோகுபாளையமே எட்டிப் பார்த்தது.

அவர் கையில் ஒரு கிறிஸ்துமஸ் கார்டு. சீமையில் ஓவியர்கள் தாங்களே மரக்கட்டையில் செதுக்கி கார்டு அச்சடிப்பதைப் பத்திரிகையில் பார்த்ததிலிருந்து, வரப்போகும் மாப்பிள்ளை ஓஸ்வால்டுக்கும் அதே பைத்தியம். இந்த வருஷக் கார்டில் ஒரு தேவதூதர் பறந்தார். அவர் காலடியில் ‘கிறிஸ்து பிறந்தார்’ என்ற எழுத்து முத்து முத்தாக விழுந்திருந்தது.

“தேவதூதருக்கு என்னைக் கட்டிக்கப்போறவ முகம்” என்று சபை முழுக்கத் தம்பட்டம் அடித்துத்தான் அவன் கார்டை அனுப்பியிருந்தான். வம்பு அங்கேதான். தியோடரின் பெண்கள் யூனிஸும் மௌரீனும் இரட்டைப் பிள்ளைகள், ஒரே முகம். யூனிஸுக்கு மச்சம் இடது கன்னத்தில், மௌரீனுக்கு வலது கன்னத்தில். கார்டிலோ மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.

முதலில் பிறந்தவளுக்குத்தான் முதலில் கல்யாணம் என்று யூனிஸை வெளியில் சொல்லாமல் வீட்டோடு நிச்சயம் செய்தவர் தியோடர். அவளுக்கோ டீச்சர் டிரெயினிங் போக ஆசை. அதை யார் கேட்டார்கள்?

“கட்டையில செதுக்கினது அச்சுல இடம் வலமா மாறி விழும் மாமா. பக்கம் மாத்திச் செதுக்கணும், அவசரத்துல மறந்துட்டேன்.” ஓஸ்வால்ட் தலையைச் சொறிந்தான்.

“நல்லா மறந்தீங்க! காலையில பாதிரியாரே என் கையைப் புடிச்சு, ‘மௌரீனுக்கு வாழ்த்துக்கள்’ங்கிறாரு. ஞாயித்துக்கிழமை கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும். அதுல யூனிஸ் பேரு வந்தா? பைபிள்ல ராகேலைக் காட்டி அக்கா லேயாளைக் கட்டிவெச்ச லாபான்னு ஜனங்க என்னைத்தானே சிரிப்பாங்க! பேஜாராப் போச்சு!”

“அதுக்காகப் பேரையா மாத்த முடியும் மாமா?” ஓஸ்வால்ட் பரிதாபமாகக் கேட்டான்.

“ஏன் முடியாது?” தியோடர் மேஜையைத் தட்டினார். “மௌரீன், இவரைக் கட்டிக்கிறியா?”

மௌரீன் தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள். கொஞ்சம் வேகமாகவே ஆட்டிவிட்டாள்.

“யூனிஸ், நீ அந்த டிரெயினிங்குக்கே போய்ச் சேரு!” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு பாதிரியார் வீட்டுக்கு ஓடினார் தியோடர்.

அவர் தெரு முனை திரும்பியதும், யூனிஸ் சிரிப்பை அடக்க முடியாமல் கார்டை ஓஸ்வால்டின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“அது சரி மச்சான், எழுத்து மட்டும் எப்படி நேரா விழுந்துச்சு?”