ஐம்பது எம்.எம்.

கேமராவின் பெரிய லென்ஸ் இரண்டு கிலோ இருந்தது.

சமையலறைத் தராசிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பக்கத்தில் அகல லென்ஸ். அதற்கும் பக்கத்தில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஐம்பது எம்.எம்.

கைப்பை ஏழு கிலோவைத் தாண்டக்கூடாது. லென்ஸைப் பெரிய பெட்டியில் போட மனம் வராது. நாளை மத்தியானம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும்.

அகல லென்ஸைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. மலை, ஏரி, தேவாலயம். சுற்றுலா நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த தாளில் இருக்கும் எல்லாவற்றுக்கும் அது போதும்.

ஆறாம் நாளுக்கு நேராக மட்டும் இப்படி இருந்தது. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, ஏரிக்கரை ஊரில் சாக்லேட் வாங்க ஓய்வு நேரம்.

அந்த ஊரில்தான் வடிவு இருக்கிறாள். அவர்களுடைய ஒரே மகள்.

கணவர் தாணுமூர்த்தி தரையில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளை நாள்வாரியாகக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

“ஏளா, இந்தப் பீரங்கியையுமா தூக்கிட்டு வரப்போற? சண்ட போட வந்திருக்காவன்னு சுவிட்சர்லாந்துக்காரன் நெனச்சிரப் போறான்.”

“இருக்கட்டும்.”

“அது என்ன கூந்தன்குளமா? நாரை, வாத்தெல்லாம் வருதா?”

“அன்னம் இருக்காம்.”

அன்னம் ரொட்டியைக் காட்டினால் காலடிக்கே வரும். அதற்கு எதற்கு இரண்டு கிலோ என்று அவர் கேட்கவில்லை.

வடிவின் செய்தி வந்து ஒன்பது நாள். மூன்றே வரி.

‘பத்தரைக்குப் பாப்பாவ ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டு வாரேன். நீ எதுத்த கரையில நின்னு பாத்துக்கோ. பாலம் தாண்டி வராத.’

பாப்பாவுக்கு மூன்று வயது. நேரில் பார்த்ததில்லை. ஒரு படம்கூட வந்ததில்லை.

ஏரியிலிருந்து புறப்பட்டு அந்த ஊருக்குள் ஓடும் ஆற்றின் அகலத்தைப் போனில் வரைபடம் வைத்து அளந்திருந்தாள். நூற்றைம்பது மீட்டர். நேற்றுக் காலை மொட்டைமாடியில் நின்று, ஏறக்குறைய அதே தூரத்தில், தெருமுனைக்கு வந்த பால்காரரை எடுத்துப் பார்த்தாள். பெரிய லென்ஸில் அவருடைய மீசையில் நரைத்த முடிகள் தெரிந்தன.

ஐம்பதில் பால்காரரையே காணோம்.

இருபது வருடம் கூந்தன்குளத்துக் கரையில் பறவைகளுக்குக் காத்திருந்தவள். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு தூரம் உண்டு. அதற்குள் ஓர் அடி எடுத்து வைத்தால் எழும்பிவிடும். எழும்பினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வடிவுக்கும் இது தெரியும். பள்ளிக்கூட நாட்களில் டிரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடவே நடந்து வந்தவள். அவள் கையில் முதன்முதலாகக் கொடுத்த லென்ஸ் இந்த ஐம்பதுதான்.

பெரியதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

ஆறு கிலோ எண்ணூறு.

தாணுமூர்த்தி கத்தரியைக் கீழே வைத்தார்.

“ஆறாம் நாளு நான் பஸ்ஸ விட்டு எறங்கல.”

அவள் திரும்பினாள்.

“போனை சார்ஜுல போட்டிருந்தியா. அவ எழுதினது கண்ணுல பட்டுது.”

மாத்திரைத் துணுக்கு ஒன்றை விரலால் தள்ளிக்கொண்டே சொன்னார்.

“நான் வந்துருவேன்னுதான் ஒன்ன அங்கயே நிக்கச் சொல்லுதா. நீ மட்டும்னா பாலத்தத் தாண்டலாம். எழுதிக் கேளு.”

அவருக்குத் தெரியாது.

நான்கு வருடத்துக்கு முன்பு, கல்யாணப் பதிவை முடித்துக்கொண்டு வடிவு அந்தப் பையனுடன் வாசலில் வந்து நின்றாள். கேட்டைப் பூட்டியவர் அவர்தான். பூட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இவள் முன்னறையில் இருந்தாள். திரைச்சீலைக்குப் பின்னால்.

வடிவு பூட்டைப் பார்க்கவே இல்லை. போகும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் பத்து எட்டுகூட இருக்காது.

“ஒங்களச் சொல்லல,” என்றாள். “என்னத்தான் வராதன்னு சொல்லுதா.”

மின்விசிறி சுற்றியது. ஒரு மாத்திரை அட்டை காற்றில் புரண்டது.

அவள் ஜிப்பைத் திறந்தாள். பெரியதை வெளியே எடுத்தாள். அதன் இடத்தில் ஐம்பதை வைத்தாள். பை தொளதொளவென்று ஆகிவிட்டது. ஒரு துண்டை மடித்து இடைவெளியில் திணித்தாள்.

“அவ ஒத்துக்கிடலன்னா?” என்றார். “இத வச்சு அங்க இருந்து என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது.”

பெரிய லென்ஸுக்கு ஒன்பது அடிக்குள் இருப்பது எதுவும் தெளியாது. இதை வைத்துக்கொண்டு ஒரு முழம் வரை போகலாம்.

போனை எடுத்தாள். மன்னிப்பு என்று ஒரு சொல் எழுதி அழித்தாள். பிறகு நிறுத்தாமல் எழுதினாள்.

‘பெரிய லென்ஸ் கொண்டு வரல. அம்பதுதான் இருக்கு.’

அங்கே காலை ஏழரை. பாப்பாவைக் கிளப்பும் நேரமாக இருக்கும்.

அவர் மாத்திரைகளை டப்பாவில் அடுக்கினார். அவள் கம்பளிச் சட்டைகளை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். இரண்டு பேரும் போன் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

‘புது ஆள் தூக்கினா அழுவா.’

ஈரக் கையோடு வாசித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தாள்.

போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கண்ணாடியைத் தேடி அவர் எழுந்தார்.