ஸ்பெயினுக்கு இரண்டு டிக்கட்

ஸ்பிரிங்வெளி ஏற்றத்தின் நாலாவது வளைவில் இத்ரூஸ் முதலாளி சைக்கிளில் இருந்து காலைத் தரையில் ஊன்றிவிட்டார்.

ஊன்றியது ஒரு கால்தான். ஆனால் பந்தயத்தின் நிபந்தனையில் ஒரு காலா இரண்டு காலா என்ற பேச்சே இல்லை.

பின்னால் ஊர்ந்து வந்த ஆட்டோவை மாடசாமி நிறுத்தினார். அவரை வாடகைக்குப் பிடித்திருந்த முதலாளியின் மனைவி காமிலா, பின் சீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்.

பதுளையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் இத்ரூஸ். விற்பனையில் முதலாவதாக வந்தார் என்று சைக்கிள் கம்பனிக்காரர்கள் போன வருஷம் அவரையும் மனைவியையும் ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். மலைகளுக்குள் எட்டு நாள் சைக்கிள் பயணம்; பின்னால் சாப்பாடும் தண்ணீரும் ஏற்றிய ஒரு வேன்.

அந்த எட்டு நாள் பதினொரு மாதமாகியும் முடிந்தபாடில்லை. டியூபுக்கு ஒட்டுப் போட வந்தவர்கூட இரண்டு மலையும் ஒரு பள்ளத்தாக்கும் தாண்டாமல் கடையை விட்டு வெளியேற முடியாது.

கல் பாவிய ஊர்கள், முஸ்லிம்கள் ஆண்ட காலத்துக் கோட்டை, பாறையைப் பிளந்து ஓடும் ஆறு, எந்த ஊர்ச் சந்தியில் கோப்பி நல்லது, எந்த மதிலில் எத்தனை பூனை படுத்திருந்தது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஏற்றம் ஏறியதைப் பற்றி மட்டும் அதிகம் சொல்லமாட்டார். பெருமை பேசத் தெரியாத மனிதர் என்று மாடசாமி நினைத்திருந்தார்.

பக்கத்து மருந்துக்கடை பஸீலுக்குத்தான் பொறுக்கவில்லை. ஸ்பிரிங்வெளி உச்சி வரை கால் ஊன்றாமல் ஏறிக்காட்டினால் ஆயுள் முழுக்கக் கதை கேட்பாராம். ஊன்றினால், இனிக் கடையில் ஸ்பெயின் என்ற சொல்லே எழக் கூடாதாம். மத்தியஸ்தரும் பஸீல்தான். மோட்டார் சைக்கிளில்.

"காட்சி... பாக்கத்தான்... நிண்டது" என்றார் இத்ரூஸ். எதிரே இருந்தது தோட்டத்துக் குப்பை மேடு.

"நல்லாப் பாருங்க நானா. ஸ்பெயின் இதோட முடிஞ்சிச்சு. நாளையிலேந்து டயரும் டியூபும் மட்டும்தான் பேச்சு." பஸீல் இத்ரூஸை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

மஞ்சள் ஜேர்சிக்குள் மனிதர் ஒரு சுற்றுச் சுருங்கிப் போனார். கதை போய்விட்டால் அவரிடம் மிஞ்சுவது ஒரு சைக்கிள் கடை மட்டும்தான்.

அப்போதுதான் ஆட்டோவில் இருந்து காமிலா இறங்கினார். கடையில் கதை ஓடும்போதெல்லாம் உள்ளே இருந்து தேத்தண்ணி அனுப்பி வைப்பவர். அதற்கு மேல் அவர் குரலை யாரும் கேட்டதில்லை.

"கொஞ்சம் தள்ளுங்க" என்று புருஷனிடம் சொன்னார்.

சைக்கிளை வாங்கினார். சீட்டுக்குக் கீழே இருந்த பிடியைத் தளர்த்தி, சீட்டை நாலு விரல் இறக்கி, இறுக்கினார். ஹெல்மட்டை முக்காட்டுக்கு மேலே கவிழ்த்தார். அபாயாவின் ஓரத்தை மடித்து முடிந்தார். கீழே காற்சட்டையும் ஓடுகிற சப்பாத்தும் தெரிந்தன.

"ராத்தா, பேச்சு நானாவோட. உங்களோட இல்ல" என்றார் பஸீல்.

"ஸ்பெயினுக்கு டிக்கட் ரெண்டு தம்பி. ஆரு ஏறினா என்ன? கால் வெச்ச எடத்துலேந்து இல்ல, அடியிலேந்து வாறேன். எத்தின தரம் கால் வெக்கிறேன் எண்டு நல்லா எண்ணிக்கொள்ளுங்க."

பஸீல் நிபந்தனைகளை மனசுக்குள் புரட்டித் தேடி முடிப்பதற்குள் காமிலா சைக்கிளைத் திருப்பிச் சரிவில் விட்டிருந்தார். கறுப்புத் துணி படபடக்க ஒரு வளைவு, இன்னொரு வளைவு. பிறகு ஆளையே காணவில்லை.

"திருப்புங்க மாடசாமி, திருப்புங்க!" இத்ரூஸ் ஆட்டோவுக்குள் பாய்ந்தார்.

அடிவாரத்தில் அவர்கள் திரும்பியபோது காமிலா ஏறத் தொடங்கியிருந்தார். அவசரம் இல்லை. தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தார். வாயில் ஏதோ பாட்டு.

தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சவர்க்காரக் கையோடு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள்.

"அடி ஆத்தி, கடைக்கார அம்மா போற போக்கப் பாருடி!"

"விடாதீங்கம்மா! அமுக்குங்க!"

பிள்ளைகள் பத்துப் பேர் கூடவே ஓடினார்கள். மூன்றாவது வளைவில் அவர்களுக்கே மூச்சு வாங்கியது. காமிலா சிரித்துக்கொண்டே போனார்.

"கிட்ட எடுங்க" என்றார் இத்ரூஸ். "இன்னும் கிட்ட. ஹோன் மட்டும் அடிக்காதீங்க, அவக்குப் பிடிக்காது."

குரலில் இருந்த மூச்சிரைப்புப் போயிருந்தது. பையில் இருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துப் பாதிக்கு உரித்தார். ஆட்டோவின் வலது பக்கமாகக் கையை வெளியே நீட்டினார். அங்கே வெறும் ரோடுதான் இருந்தது.

"சே, ஸ்பெயின்லதான் இந்தப் பக்கம்" என்று முணுமுணுத்து, இடது ஓரத்துக்கு நகர்ந்து நீட்டினார்.

காமிலா திரும்பிப் பார்க்கவே இல்லை. கை வந்தது, பழம் போனது. அடுத்த வளைவில் தோல் திரும்பி வந்தது. அந்தக் கையிலேயே மூடி திறந்த தண்ணீர்ப் போத்தல் போனது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மாடசாமி கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

அடியில் இருந்து மோட்டார் சைக்கிளில் கூடவே வந்து, கடைசி வளைவில் முந்திப்போன பஸீல், உச்சியில் ஒரு கையை உயர்த்திக்கொண்டு நின்றார். காமிலா அவரைக் கடந்து, நிற்க மனமில்லாமல், பண்டாரவளைப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தார். பஸீல் கையை இறக்க மறந்து நின்றார்.

"கால் வெச்சாவா?" என்று ஆட்டோவில் இருந்து கத்தினார் இத்ரூஸ். "சொல்லுங்க மத்தியஸ்தர், வெச்சாவா?"

பஸீலின் தலை மட்டும் இல்லை என்று ஆடியது.

மாடசாமி ஆட்டோவை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனபின், குரலைத் தாழ்த்தி, மரியாதையாகக் கேட்டார்.

"முதலாளி, ஸ்பெயின்ல வேன் ஓட்டுனது யாருங்க?"

இத்ரூஸ் அடுத்த பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"பெத்ரோ எண்டு ஒரு ஆள். தங்கமான மனுசன். எட்டு நாளும் ஒரு கேள்வி கேக்கல்ல."