மேலிடத்துக்கு ஒரு பதிவு

“‘பரவாயில்லை’ன்னு சரியா எழுதினா அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. அப்பா எப்பவும் பெரிய ‘ற’தான் போடுவாரு,” என்றாள் தங்கை.

“தப்பா எழுதறதுக்கு எனக்கு டியூஷன் எடுக்கறியா?” என்று சீறினான் அண்ணன். பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துவது அவன் வேலை. மனசில்லாமல் எழுத்தை மாற்றினான்.

அப்பா இறந்துபோய் நான்கு நாள் ஆகியிருந்தது. இதய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்குச் சளி, தொண்டை கட்டியிருக்கிறது, வார்டுக்குள் விடமாட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு வாரத்துக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலையில் அம்மா பிடித்துக்கொண்டாள். “தொண்டைதானே கட்டியிருக்கு, கையுமா கட்டிப்போச்சு? பிளாக்ல ரெண்டு வரி எழுதச் சொல்லு, என் போன்ல படிச்சுக்கறேன்.”

அப்பா லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாக அவர் பெயரில் இணையத்தில் ஓடும் பிளாக் அது. வீட்டுக் கம்ப்யூட்டரில் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒழுகும் குழாய், எதிர்வீட்டு நாய், ‘மேலிடம்’ என்று பட்டப்பெயர் வைத்த மனைவியிடம் வாங்கிய திட்டு, எல்லாம் அதில் வரும். முந்நூறு பேர் விடாமல் படித்தார்கள்.

அண்ணன் முதலில் ‘அன்புள்ளம் கொண்ட வாசகர்களே’ என்று ஆரம்பித்திருந்தான். இது அப்பா இல்லை, அரசாங்க அறிவிப்பு என்று தங்கை அழிக்கச் சொன்னாள். இரண்டாவதில் தத்துவம் வழிந்தது. அதுவும் போனது.

மூன்றாவது தடவை அவன் யோசிக்கவில்லை, பழைய பதிவுகளைப் படித்துவிட்டு அப்படியே அடித்தான். ‘மேலிடம் இல்லாத வீட்டில் நானே டீ போட்டேன். டீத்தூளைத் தேடவே அரைமணி நேரம். பறவாயில்லை. சீக்கிரம் வந்து திட்டு.’

தங்கை படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

“போன்ல நமக்கு ஒரு வரி அனுப்பினதில்ல. என்ன கேட்டாலும் கட்டைவிரல் படம்தான்,” என்றான் அண்ணன். “இதுல மட்டும் எப்படித்தான் இவ்வளவு பேசினாரோ.”

வாயைத் திறக்காதவர்கள் எல்லாம் எழுத்தில் கொட்டிவிடுவார்கள் என்று தங்கை சமாதானம் சொன்னாள். அவன் பதிவை ஏற்றினான்.

இத்தனை நாள் எங்கே போனீர்கள் சார் என்று வழக்கமான வாசகர்கள் இரண்டு பேர் உடனே விசாரித்தார்கள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. அண்ணனுக்கும் தங்கைக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பத்து நிமிடத்தில் இன்னொரு பின்னூட்டம் வந்து விழுந்தது. அப்பாவின் பெயரில். தங்கை அண்ணனின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, பிள்ளைங்களா. ஆனா அவருக்கு எழுதவே வராது. பத்து வருஷமா அவர் பேர்ல இதை எழுதினது நான்தான். அவர் எப்ப போனாரு? பதில் போடுங்க.”