ஒன்பதாவது சால்

பெரிய வியாழனன்று ஓய்ந்த கோயில் மணி சனிக்கிழமை காலையில் மறுபடி அடிக்க, ராயப்பன் பாதிப் பூசையில் எழுந்து ஓடினான்.

செருப்பு கோயில் வாசலிலேயே கிடந்தது. மேல்துண்டு எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

அந்த மணி அடிக்கும்வரை ஊர்க் கிறிஸ்தவர்கள் யாரும் மாடு பூட்டமாட்டார்கள். ஆண்டவர் கல்லறையில் இருக்கையில் மாட்டின் கழுத்திலும் நுகம் ஏறக்கூடாது. மணி அடித்தால் பூட்டலாம்.

இன்று கிணற்றில் தம்பி சின்னப்பனின் முறை. அவன் நாற்று மூன்று நாளாகக் காய்கிறது. பூசை முடிந்துதான் பூட்டுவான் என்று ராயப்பன் நம்பியிருந்தான். மணிச் சத்தத்தில் திரும்பிப் பார்த்தபோது, தம்பி மண்டியிடும் இடம் காலியாக இருந்தது.

மாட்டைப் பூட்டுவான். நீர் இறைக்கும் கவலை வடத்தின்மேல் ஏறி உட்காருவான். மாடுகள் சரிவில் இறங்கும். கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர் அள்ளி ஏறும் சாலின் பாரமும் ஆளின் பாரமும் அந்த ஒரு கயிற்றில் தொங்கும்.

அந்தக் கயிற்றைத்தான் ராயப்பன் அறுத்து வைத்திருந்தான்.

மூன்று புரியில் இரண்டு. மேலே சாணம் பூசி மறைத்திருந்தான்.

இருபது வருஷமாகப் பெரிய வெள்ளியன்று ஊருக்கு முன்னால் பெரிய சிலுவையைத் தூக்கி நடந்தவன் அவன். இந்த வருஷம் சாமியார் கூப்பிடுமுன் தம்பி முந்திக்கொண்டான்.

"அண்ணனுக்கு முட்டி செத்துப்போச்சுங்க சாமி. போன வருசம் மூணு தரம் விழுந்துட்டாரு, ஆண்டவர் விழுந்த கணக்குக்குச் சரியாப் போச்சு. இந்த வருசம் நான் தூக்கறனுங்க."

கோயிலே சிரித்தது. சாமியாரும் சிரித்தார்.

மகன் இஞ்ஞாசி எவ்வளவோ கூப்பிட்டும் ராயப்பன் சிலுவைப் பாதைக்குப் போகவில்லை. தம்பி சிலுவை சுமந்து நடந்த அதே நேரத்தில், கிணற்று மேட்டில் குந்தி அரிவாளால் அறுத்தான். சால் கிணற்றில் விழட்டும், நாற்று கருகட்டும் என்று சொல்லிக்கொண்டே அறுத்தான். பெரியப்பன் ஒருவர் வடம் அறுந்து கல்லில் மண்டை உடைந்து செத்த கதை அவனுக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

இன்று விடியற்காலை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டான். பலகைக்கு அப்பால் சாமியார் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பவே போய் அவன்கிட்டச் சொல்லு. அப்புறம் வந்து நற்கருணை வாங்கு."

போகவில்லை. தம்பி முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பூசை முடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டான்.

கேழ்வரகுத் தாள் பாதத்தில் குத்தியது. செத்துப்போன முட்டி இரண்டு தரம் மடங்கியது. விழுந்தான். எழுந்தான். சூசையப்பரே, அவன் இன்னும் பூட்டியிருக்கக் கூடாது. சூசையப்பரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்.

அப்போது பாட்டுக் கேட்டது.

கவலை ஓட்டுகிறவன் ஒவ்வொரு சாலையும் எண்ணிப் பாடும் பாட்டு. அவர்கள் குடும்பத்து இழுவை. ஆறு. சற்றுப் பொறுத்து, ஏழு.

தம்பி உயிரோடு இருக்கிறான். வடம் தாங்குகிறது. ராயப்பன் அழுதுகொண்டே கிணற்றுக்குப் போகும் வரப்பில் திரும்பினான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். மூச்சுத்தான் இல்லை.

எதிரே வெள்ளை வேட்டியில் ஒருவன் வந்தான். சட்டையில்லாத தோளில் நேற்றுச் சிலுவை அழுத்திய இடம் தோலுரிந்து சிவந்திருந்தது.

சின்னப்பன்.

"எங்கண்ணா இப்படி ஓடியாரே? உன்னப் பாக்கத்தான் கோயிலுக்கு வந்துனு இருக்கேன்."

ராயப்பன் மூச்சிரைக்க நின்றான். தம்பி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நாலு பேர உன்னப் பாத்துச் சிரிக்க வெச்சது தப்புண்ணா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. இன்னிக்கு என் முறைய நீயே எடுத்துக்க. உன் காட்டுக்குத்தான் தண்ணி பாயுது. மாடு, வடம் எல்லாத்தையும் இஞ்ஞாசிகிட்ட உட்டுட்டு வரேன். பாடறான் பாரு, அப்படியே உன் தொண்டை."

எட்டு என்று பாடியது அந்தக் குரல்.

ராயப்பன் கையை உதறிக்கொண்டு ஓடினான். மகனின் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

ஒன்பதை யாரும் எண்ணவில்லை.